வியாழக்கிழமைப் பாஸ்ட்ராமி

செப்டம்பர் 3, சனி

தங்கை கேத்துவின் ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தபோது புகை வாடை அடித்தது. சிகரெட் இல்லை. விறகில் கறி சுட்டால் வருமே, அந்தப் புகை. கூடவே மிளகும் பூண்டும். இந்த வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு. கறி சமைத்து மாதக்கணக்காகிறது என்று அவள்தான் சொன்னாள்.

"இது என்னட்டி வாடை?"

"டாக்ஸில ஒட்டியிருக்கும்க்கா."

டாக்சியில் யார் கறி சுடுகிறார்கள்? கேட்கவில்லை. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் சண்டை வேண்டாம்.

நான் புரூக்ளினுக்கு வந்தது இரண்டு காரியத்துக்கு. முழங்கால் ஆபரேஷன் முடிந்த தங்கைக்குக் கொஞ்ச நாள் சமைத்துப் போடுவது ஒன்று. திரும்பும்போது அவளைக் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது இன்னொன்று. நாசரேத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவளுக்கென்று ஓர் அறை கட்டியாயிற்று. கல்யாணம் வேண்டாம் என்றே இருந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்த்தது போதும். என் வீட்டுக்காரர் போனபிறகு நான் தனியாக இருப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அவளுக்காகத்தான் சொல்கிறேன்.

ஊருக்குப் போவது பற்றிக் கேட்டால், "பாப்போம்" என்கிறாள்.

செப்டம்பர் 8, வியாழன்

டாக்சி விஷயம் பொய்.

மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு வெள்ளைக்காரர். எழுபது தாண்டியவர். தேய்த்த சட்டை, கையில் தொப்பி. என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்து, சரியான வீடுதானா என்று கதவு எண்ணைப் பார்த்தார். அதற்குள் கேத்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். காலையில் தலை சீவியவள்தான். மறுபடி சீவியிருந்தாள்.

"அக்கா, இவரு சால். வியாழக்கிழமை நாங்க சாண்ட்விச் சாப்பிடப் போவோம். நீ சாப்பிட்டுட்டுப் படு, நான் வந்திருதேன்."

அவ்வளவுதான். லிப்ட் கீழே போகும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வந்ததும் விசாரித்தேன். யூதர்கள் நடத்தும் டெலி என்ற கடைகள் இந்த ஊரில் நிறைய உண்டாம். அங்கே பாஸ்ட்ராமி என்று ஓர் இறைச்சி. மாட்டு நெஞ்சுக்கறியை உப்பில் ஊறவைத்து, மிளகும் கொத்தமல்லி விதையும் அப்பி, புகை போட்டு, ஆவியில் வேகவைப்பார்களாம். அதில் ஊரிலேயே நல்லது எங்கே கிடைக்கிறது என்று இரண்டு பேரும் கடைகடையாகத் தேடுகிறார்களாம்.

"தேடி என்னட்டி செய்யப் போறே?"

"சும்மாதாங்க்கா. ருசிதான்."

எங்கள் வீட்டில் ஆட்டுக்கறியையே பண்டிகைக்குத்தான் எடுப்போம். கறியைத் தேடி ஊரைச் சுற்றுகிற பிள்ளையை அப்பா வளர்க்கவில்லை. சால் என்றால் என்ன பெயர் என்று கேட்டேன். சாலொமோனின் சுருக்கம் என்றாள். வேதத்தில் அந்த ராஜாவுக்கு எழுநூறு மனைவிகள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

செப்டம்பர் 10, சனி

பருப்புப்பொடி வறுத்தேன். தீ எச்சரிக்கை மணி அலறிவிட்டது. கேத்து கம்பால் அதைத் தட்டி நிறுத்தினாள். நெடுநேரம் சிரித்தோம். சால் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 15, வியாழன்

நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். கேத்துவின் முகம் மாறியது. அவர் சந்தோஷமாகத்தான் தலையாட்டினார். அதுதான் எனக்கு இடித்தது. கள்ளம் இல்லாதவன்கூட முதலில் ஒரு நொடி யோசிப்பான்.

மன்ஹாட்டனில் ஒரு கடை. வாசலில் வரிசை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் நீளக் கத்தியோடு ஆட்கள், ஆவி பறக்கும் பெரிய பெரிய இறைச்சிக் கட்டிகள். வெளியே கரி மாதிரிக் கறுப்பு, வெட்டினால் உள்ளே செம்பருத்திச் சிவப்பு. ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி இரண்டு துண்டு, நடுவே ஒரு சாண் உயரத்துக்குக் கறி. கடுகு விழுது தடவித் தருகிறார்கள். கூடவே உப்பில் ஊறிய வெள்ளரிக்காய். ஸ்வெட்டரில் அடித்த வாடை இதுதான். சந்தேகமே இல்லை.

சால் என் பெயரைக் கேட்டார். எப்சிபா என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டார். அது எபிரேயப் பெயர் என்றும், தன் பாட்டியின் அக்காவுக்கு அதே பெயர் என்றும் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். நாசரேத் என்றேன். பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். கேத்து சிரித்துச் சிரித்து, எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம் என்று விளக்கிச் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். அவர் சாப்பிடவே இல்லை. தட்டைத் தொடவில்லை. என் தங்கை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தைக்கூட இல்லை, வாயை. அவள் மெல்ல, இவர் பார்க்க. விழுங்கியதும் கேள்விகள். மிளகு முதலில் தெரிகிறதா, கடைசியிலா? நாக்கில் கொழுப்பு நிற்கிறதா, கரைகிறதா? புகை மூக்குக்கு ஏறுகிறதா? வயது வந்த மனுஷன் ஒரு பெண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது?

அவள் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். "இது இல்ல, சால். ரொம்ப ஈரம்." அவர் முகம் வாடிவிட்டது. தன் பங்கில் பாதியை மெழுகுத்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாருக்கு?

கடைசியில் பால்காப்பி கேட்டேன். கறி விற்கும் இடத்தில் பால் கிடையாது, அது அவர்கள் சட்டம் என்றார் பரிமாறியவர். அந்தச் சட்டமெல்லாம் சரியாகத்தான் பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 18, ஞாயிறு

குவீன்ஸில் தமிழ் ஆராதனைக்குப் போனோம். கேத்து பாடகர் வரிசையில் உட்காரப் போனதும், பக்கத்தில் இருந்த அம்மாவிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். தனியாக இருக்கிற நர்சுகளை வளைத்து, வயதான காலத்தில் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ள ஆள் பிடிக்கிற கிழவர்கள் இந்த ஊரில் உண்டு என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

கேட்டதும் ஆறுதலாகத்தான் இருந்தது. நான் மட்டும் இப்படி நினைக்கவில்லை.

செப்டம்பர் 22, வியாழன்

இன்று வேறு கடை. கறி மெல்லிசாக, தாள் மாதிரி. "புகை பாட்டில்ல இருந்து வருது, விறகுல இருந்து இல்ல" என்று கேத்து சொல்லிவிட்டாள். அடுத்து இன்னொரு கடை. அங்கே இனிப்பு. அவளுக்கு வயிறு உப்பிவிட்டது. முழங்காலும் வலித்திருக்கும், சொல்லவில்லை. அவர் ஒருமுறைகூட, போதும் வீட்டுக்குப் போவோம் என்று சொல்லவில்லை.

தண்ணீர்க் கோப்பையை எடுக்கும்போது அவர் விரலைப் பார்த்தேன். மோதிரம். தேய்ந்து மெலிந்த கல்யாண மோதிரம்.

திரும்பி வந்து கேட்டேன். "அவரு வீட்ல யாரு இருக்கா?"

"ஏன்க்கா, நீ என்ன போலீஸா?"

"டெலிபோன் எக்சேஞ்சில குப்ப கொட்டுனவ. கேக்கத்தான் செய்வேன்."

"எனக்குத் தூக்கம் வருது."

மணி அப்போது ஐந்துகூட ஆகவில்லை.

செப்டம்பர் 26, திங்கள்

மழை. துணி காயவில்லை. விமான டிக்கெட்டில் அவள் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 29, வியாழன்

இன்று அவர் வரவில்லை. போன் வந்தது. கேத்து உள்ளறைக்குப் போய்ப் பேசினாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த அலமாரி அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தெளிவாக ஒன்று கேட்டது. "ரூத்துக்குத் தெரியவே கூடாது, சால். தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

ரூத். ஆக, பெயரும் கிடைத்துவிட்டது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். அப்பா ஒன்றும் செய்திருக்க மாட்டார், என்னைத்தான் பேசச் சொல்லியிருப்பார்.

அக்டோபர் 6, வியாழன்

கேட்டுவிட்டேன்.

புரூக்ளினிலேயே ஒரு பழைய டெலி. மேசைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வழக்கம்போல அவர் கேத்துவின் வாயைப் பார்க்க ஆரம்பித்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நிதானமாக, எக்சேஞ்சில் டிரங்க் காலுக்குப் பேசுகிற குரலில் கேட்டேன்.

"மிஸ்டர் சால், உங்கள் மனைவி ரூத் சௌக்கியமா?"

கேத்து மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சௌக்கியமில்லை" என்றார். "சாப்பிட மாட்டேன் என்கிறாள்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கும் ரூத்துக்கும் சொந்தமாக ஒரு டெலி இருந்தது. இதே பேட்டையில்தான். சமையலறையில் ரூத்தின் தம்பி, முன்னால் கறி வெட்டித் தருவது ரூத், வெளிவேலை இவர். தம்பி செத்துப்போனார். பக்குவம் அவரோடு போயிற்று. கடையை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். அதற்கு முன்பே ரூத்துக்கு ஞாபகம் தவற ஆரம்பித்திருந்தது. கேத்து வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். தம்பி இருக்கிறான், கடை நடக்கிறது என்றே அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுதான் தெரியக் கூடாது.

கோடைக்காலத்தில் ரூத் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். என்ன கொடுத்தாலும், "இது நம்ம கறி இல்லை" என்று தள்ளிவிடுகிறார். சால் மெழுகுத்தாளில் சுற்றிக்கொண்டு போவது ரூத்துக்குத்தான். அந்த ருசிக்குக் கிட்டத்தட்ட எங்காவது கிடைத்தால் சாப்பிடுவார் என்று தேடுகிறார்கள்.

"அதை நீங்களே ருசி பார்க்கலாமே?" என்றேன்.

"கொரோனா வந்தபோது மூக்கும் நாக்கும் போய்விட்டன. திரும்பவில்லை. எனக்கு இதுவும் அட்டையும் ஒன்று." தட்டைக் காட்டினார். "எங்கள் கடை ருசி ஞாபகம் இருக்கிற ஆள் உங்கள் தங்கைதான். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து டியூட்டி முடிந்து எங்கள் கடைக்குத்தான் வருவாள். ஒரு வாரம் தவறமாட்டாள்."

என் தட்டில் இருந்ததைக் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டேன். உப்பு, புகை, அப்புறம் மிளகு. நன்றாகத்தான் இருந்தது. கேத்து தலையை ஆட்டினாள். "இதுவும் இல்ல."

அக்டோபர் 7, வெள்ளி

ரசம், அப்பளம்.

சால் நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஏதோ ஒன்று இன்னும் சேராமல் நிற்கிறது. சாப்பிடும்போது கேத்துவிடம் கேட்டேன்.

"அந்தக் கறி ஒனக்கு அவ்வளவு புடிக்குமாட்டி? வாரம் தவறாம போற அளவுக்கு?"

"மொதல்ல புடிக்கவே இல்லக்கா. மாட்டுவாடைன்னு பாதிய கீழ போட்டுருவேன்."

"பின்ன ஏன் போனே?"

ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்றாள்.

அக்டோபர் 13, வியாழன்

கிடைத்துவிட்டது.

பிராங்க்ஸில், ரயில் பாலத்துக்குக் கீழே, நாலைந்து மேசை போட்ட சின்னக் கடை. கேத்து ஒரு கடி கடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். சால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் கண் திறந்தபோது நனைந்திருந்தது. "இதுதான், சால்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ வியாபாரம் முடித்த மாதிரி. பெரிய சாண்ட்விச்சாக இரண்டு வாங்கிக்கொண்டு, சூடு ஆறுமுன் டாக்சி பிடித்து முதியோர் இல்லத்துக்குப் போனோம். கிடைத்தது என்றுதான் முதல் வரியில் எழுதிவிட்டேன். ஆனால் கதை அப்படிப் போகவில்லை.

ரூத் ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தார். சின்ன உருவம், பஞ்சு முடி. கை இரண்டும் மடியைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தது, ஏப்ரன் கட்டியிருப்பதுபோல. சால் முன்னால் மேசையைத் தள்ளி, தாளைப் பிரித்து வைத்தார்.

"ரூத், நம்ம கடையிலிருந்து."

அந்த அம்மா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு வாய். எனக்காக."

தாளோடு தள்ளிவிட்டார். சால் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிராங்க்ஸிலிருந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த மனுஷர், இப்போது தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி எங்கே தேடுவது? தேடிக் கிடைத்ததுதான் இது. கேத்து கதவோரம் கம்பை ஊன்றி நின்றாள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் மேசைக்கு எதிரே போய் நின்றேன்.

ரூத் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொழுப்போடயா, கொழுப்பு இல்லாமலா?"

எனக்குப் புரியவில்லை. "கொழுப்போடன்னு சொல்லுக்கா" என்றாள் கேத்து, மெதுவாக. சொன்னேன்.

அந்தக் கைகள் மாறிவிட்டன. சாண்ட்விச்சைப் பிரித்தார், கறியை அடுக்கினார், ரொட்டியை மூடினார், காகிதக் கைக்குட்டையில் வைத்து மூலை மூலையாக மடித்து என்னிடம் நீட்டினார். "சூடாக இருக்கும்போதே சாப்பிடு." பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அடுத்தது" என்றார்.

சால் எழுந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவியிடம், வாடிக்கையாளர் மாதிரி, "கொழுப்பு இல்லாமல்" என்றார். அவருக்கும் கிடைத்தது. தனக்கு ருசியே தெரியாத அந்தக் கறியை அவர் நின்றுகொண்டே மென்று மென்று தின்றார்.

கடைசியாகக் கேத்து. அவளை ரூத் நெடுநேரம் பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கட்டினார். மடிக்கப் போனவர் நிறுத்தி, இன்னும் ஒரு துண்டு கறியை எடுத்து உள்ளே வைத்தார். பிறகுதான் மூலையை மடித்தார்.

வரிசையில் வேறு யாரும் இல்லை. ரூத் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். தாளில் ரொட்டி ஓரமும் கொஞ்சம் கறியும் மீந்திருந்தன. அவற்றைச் சேர்த்து எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். அவசரமில்லாமல், முழுவதையும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் அந்த அம்மா என்றைக்கும் சாப்பிடுவாராம். சாலுக்கு இது எப்படியோ மறந்துபோயிருந்தது.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் முடித்துவிட்டு. சால் முழங்கால் போட்டு உட்கார்ந்து அவர் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

நான் அப்போது தற்செயலாகக் கதவுப் பக்கம் திரும்பினேன். கேத்து பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்தபடி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம்தான் அவள் முகத்தில். சந்தோஷம் மட்டும் என்று சொல்லமாட்டேன்.

இத்தனை நாளும் நான் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 14, வெள்ளி

பாத்திரம் அவள் கழுவ, நான் துடைத்தேன்.

"நீ ஊருக்கு வரல, அப்படித்தானே?"

"இல்லக்கா. வியாழக்கிழம வரிசைல நிக்க ஆளு வேணும்லா."

"ம்." ஒரு தட்டைத் துடைத்து வைத்தேன். "அவருக்குத் தெரியுமா?"

குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பதில் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன்.

"அவருக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்." ஒரு கரண்டியையே தேய்த்துக்கொண்டிருந்தாள். "ரூத்துக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கேன். மொத வருஷத்துல இருந்தே எனக்கு மட்டும் ஒரு துண்டு கூட வச்சுத்தான் கட்டுவாங்க. ஏன்னு நான் கேட்டதில்ல. அவங்களும் சொன்னதில்ல."

எதைப் பற்றிப் பேசினோம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கித் துடைத்தேன்.

அக்டோபர் 20, வியாழன்

நாலு பேருக்கும் பிராங்க்ஸ் கறி. இல்லத்துப் பணிப்பெண்கள் இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். ரூத் அவர்களில் ஒருத்தியை, பேச்சைக் குறைத்து வேலையைப் பார் என்று அதட்டினார். நன்றாகச் சாப்பிட்டார்.

அக்டோபர் 27, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். ஒரு டிக்கெட்தான். பெட்டி கட்டியாயிற்று.

சால் இன்று சீக்கிரம் வந்துவிட்டார். கேத்து குளித்துக்கொண்டிருந்தாள். காப்பி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உட்காராமல் நின்றார்.

"மிஸ் எப்சிபா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தப்பாக நினைக்கக் கூடாது." குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நான் வாழ்நாளெல்லாம் கடை நடத்தியவன். ஒன்றும் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உங்கள் தங்கை வலிக்கிற காலோடு எனக்காக ஊரெல்லாம் அலைந்தாள். இப்போது ரூத்துக்காக ஊருக்கே போகமாட்டேன் என்கிறாள். இதில் அவளுக்கு என்ன கிடைக்கிறது? அவளுக்கு என்னதான் வேண்டும்?"

நான் அந்த மனுஷரை நன்றாகப் பார்த்தேன். உண்மையிலேயே தெரியாது. கண்ணில் பயம்கூட இருந்தது, என்றைக்காவது பெரிதாக எதையாவது கேட்டுவிடுவாளோ என்று. இத்தனை வாரமாக நான் அவரைப் பார்த்த அதே பார்வையோடு அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

"அவளுக்குப் பாஸ்ட்ராமி என்றால் உயிர்" என்றேன். "சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டுப் பைத்தியம். வேறொன்றுமில்லை."

அவர் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"அப்படியானால் அவளுக்கு ஒருநாளும் குறை வைக்கமாட்டேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். காப்பியை நின்றபடியே குடித்து முடித்தார்.

கேத்து தலை சீவிக்கொண்டு வந்தாள். "என்ன பேசிக்கிட்டிருந்திய ரெண்டு பேரும்?"

"காப்பி நல்லாயிருக்காம்" என்றேன்.

அவர் லிப்ட் கதவைப் பிடித்துக்கொள்ள, அவள் கம்பை ஊன்றி உள்ளே போனாள்.